கேட்டால் அல்லவா சொல்வார்கள்?

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வருகிறவர்களைப் பெண்ணின் தகப்பனார் கைகூப்பி நிறுத்தி, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்கிறார். "பேஷாக இருந்தது!" என்கிறார்கள் அத்தனை பேரும். தகப்பனாருக்குப் பரம திருப்தி. ஆனால் அன்று இரவு ஊர் திரும்பும் பஸ்ஸில் அதே மனிதர்கள் பேசிக்கொண்டு போவதை அவர் கேட்டிருந்தால்? ரஸத்தில் உப்பில்லை என்பதும், இரண்டாவது பந்திக்குப் பாயசம் எட்டவில்லை என்பதும், பரிமாறியவர்கள் வேஷ்டிக் கரையின் அகலத்தைப் பார்த்துப் பரிமாறினார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பிட்டவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லலாகாது. கேட்ட மனிதர், கேட்ட இடம், கேட்ட விதம் மூன்றும் சேர்ந்து, வேறு பதில் சொல்ல அவர்களுக்கு இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பல பேர் கூடி உழைக்கிற எந்த இடத்துக்கும் இந்தக் கல்யாண வீட்டுக் கதை பொருந்தும். இந்நாளில் பெரிய கம்பெனிகளும் பாங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் சிப்பந்திகளிடம் வருஷந்தோறும் கேள்வித்தாளைக் கொடுத்து, வேலை செய்யும் இடத்தின் சூழ்நிலை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கின்றன. மனிதர்கள் மனநிம்மதியோடு இருந்தால் வேலையும் நன்றாக நடக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த வழக்கம் இது. எண்ணம் மிகவும் நல்லது. ஆனால் அளக்க எடுத்த படியே ஓட்டையாக இருந்துவிட்டால்? அப்படி ஓர் ஓட்டைப் படியை நாமே கையில் பிடித்துக்கொண்டிருந்த கதையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆசிரியர்கள் 34 பேர்; அவர்களில் பெண்கள் 14 பேர். சில வருஷங்களுக்கு முன்னால் நிர்வாகத்தாருக்கு ஒரு யோசனை தோன்றியது. இருபது கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். "பள்ளியின் சுற்றுச்சூழல் திருப்திகரமாக இருக்கிறதா?" "தலைமையாசிரியர் உங்கள் கருத்துக்களுக்கு மதிப்பளிக்கிறாரா?" என்பன போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க்குப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் தாளைத் தலைமையாசிரியரின் அறைக்குக் கொண்டுபோய், அவருடைய மேஜை மேலேயே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஜாபிதாவில் நம் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்! அந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பு நம்மிடந்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக அப்போது நமக்குத் தோன்றவில்லை.

முடிவு வந்தது. ஐந்துக்கு நாலே கால் மார்க்கு! வர்ண வர்ணமாக ஒரு படம் வரைந்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். நாமே ஸ்டூலின் மேல் ஏறி ஆணி அடித்தோம்.

அந்த வருஷம் மார்கழி முடிவதற்குள் நம் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த இளம் ஆசிரியை ஒருவர் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். சிறுநீர்த் தாரையில் ஆரம்பித்த நோய் மூத்திரக்காய் வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். இரண்டு மாதம் லீவில் இருந்தவர், பிறகு ராஜிநாமாக் கடிதம் அனுப்பிவிட்டார். பின்னக் கணக்கென்றாலே அழுதுகொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே வருஷத்தில் சிரிக்க வைத்த ஆசிரியை அவர். அவரைப்போல் இன்னொருவர் எங்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

காரணம் தெரிந்தது ஒரு சாயங்கால வேளையில். பள்ளிக்கூடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஆயாம்மாள் வராந்தாவில் துடைப்பத்தை வைத்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு மட்டுமா ஸார், இங்கே எல்லா டீச்சருக்கும் அதேதான் கதி" என்றார். ஆசிரியைகளுக்கென்று இருந்த கழிவறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பீரியட் கிடைப்பது துர்லபம். ஆகையால் பதினாலு பேரும் காலை எட்டு மணிக்கு வீட்டில் குடிக்கும் காப்பியோடு சரி. நாலரை மணிக்கு வீடு திரும்பும் வரையில் ஒரு வாய்த் தண்ணீரும் குடிப்பதில்லை என்று பழக்கப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீங்க கேட்டால் அல்லவா சொல்வாங்க?" என்றார் ஆயாம்மாள்.

கேட்டோமே! இருபது கேள்விகள் கேட்டோமே! "சுற்றுச்சூழல் திருப்திகரமா?" என்பதற்கு அந்தப் பதினாலு பேரும் நாலும் ஐந்தும் போட்டிருந்தார்களே! தாழ்ப்பாளுக்கு ஆன செலவு நூற்றுச் சொச்சம் ரூபாய். குழாய் ரிப்பேருக்கு இரண்டு நாள் பிடித்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தாம், "என்னிடம் யாரும் சொல்லவில்லையே!" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக அதே கட்டடத்தில் அதே வராந்தாவில் நடந்துகொண்டிருந்த நமக்கும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது.

* * *

அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தோம். நம்மைப்போல் மூக்கை உடைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல் உண்டாயிற்று.

அவர்களில் பெரியவர்கள் அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த சிஸரோ என்னும் ஊரில் இருந்தார்கள். அங்கே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியார் டெலிபோன் சாமான்கள் செய்வதற்காக ஒரு பிரம்மாண்டமான தொழிற்சாலை நடத்தினார்கள். ஹாதார்ன் தொழிற்சாலை என்று அதற்குப் பெயர். 1929-ஆம் வருஷ வாக்கில் அங்கே சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள். 1924-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை அதிகமாக நடக்குமா என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், வேலை கூடிற்று. வெளிச்சத்தைக் கூட்டாமல் விட்டு வைத்த இன்னொரு கூட்டத்தாரிடமும் வேலை கூடிற்று! குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் வேலை குறைந்தபாடில்லை. இதென்ன மாயம் என்று இஞ்சினீயர்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

பிறகு 1927-இல் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து, சுமார் 35 துண்டுகளைச் சேர்த்து 'ரிலே' என்ற சிறு கருவி செய்யும் வேலையைக் கொடுத்தார்கள். துண்டுகளை எடுத்துக் கொடுக்க ஆறாவதாக ஒரு பெண். ஐந்து நிமிஷ ஓய்வு, பத்து நிமிஷ ஓய்வு, நடுவே சிற்றுண்டி, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புதல், சனிக்கிழமை விடுமுறை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். வேலை ஏறிக்கொண்டே போயிற்று. சலுகைகளையெல்லாம் ஒரு கட்டத்தில் எடுத்துவிட்டுப் பழையபடி நடத்தினார்கள். அப்போதும் வேலை பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. 'நம்மை ஒரு பொருட்டாக எண்ணிக் கவனிக்கிறார்கள், நம்மிடம் யோசனை கேட்கிறார்கள்' என்ற எண்ணமே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டினார்கள்.

இந்த முடிவு உலகமெங்கும் பிரசித்தியாகிவிட்டது. ஆனால் இதை அப்படியே விழுங்குவதற்கில்லை என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து பேரில் இருவரை, 'அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை' என்று 1928 ஜனவரியில் வெளியேற்றி, வேறு இருவரைச் சேர்த்திருந்தார்கள். கூலி கணக்கிடும் முறையும் அவர்களுக்குச் சாதகமாக மாறியிருந்தது. விளக்கு ஆராய்ச்சியின் பழைய கணக்குகளைத் தேடி எடுத்து 2011-இல் இரண்டு பொருளாதார நிபுணர்கள் மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்ததில், கர்ண பரம்பரையாகச் சொல்லப்பட்ட அதிசயத்தில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. அளக்க வந்தவர்கள் தமக்குப் பிடிக்காத வாயை அடைத்துவிட்டு அளந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

நமக்கு மிகவும் பிடித்தது அதே தொழிற்சாலையில் நடந்த மூன்றாவது காரியம். 1928 முதல் 1930 வரையில் 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேட்டி கண்டார்கள். பெயரை வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். முதலில் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, 'மேஸ்திரி எப்படி? வெளிச்சம் எப்படி?' என்று வரிசையாகக் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ பேசத் தொடங்கினார்கள். பேட்டி கண்டவர்கள் அவர்களை இழுத்து இழுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்த்துச் சலித்துப் போனார்கள். கடைசியில், 1929-ஆம் வருஷத்து மத்தியில், ஒரு ஞானோதயம் உண்டாயிற்று: கேள்விகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதைக் காது கொடுத்துக் கேட்பது! அரை மணியில் முடிந்துகொண்டிருந்த பேட்டி ஒன்றரை மணி வரைக்கும் நீண்டது.

அப்படி வெளிவந்த குறைகளின் ஜாபிதாவை 1939-இல் வெளியான பெரிய புத்தகம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். பதவி உயர்வு, களைப்பு, மேலதிகாரி என்ற பெரிய விஷயங்களோடு புழுதியும், தரையும், சாமான் வைக்கும் பெட்டியும், கழிவறையும் அதில் இடம் பெற்றிருக்கின்றன. அந்தக் கடைசி வார்த்தையைப் படித்தபோது நமக்கு நம் பள்ளிக்கூடத்து ஆயாம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது.

இன்னொரு பாடமும் ஹாதார்னில் கிடைத்தது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரையில் பதினாலு ஆண்களைத் தனி அறையில் வைத்து, ஓர் ஆளை மூலையில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். நாள் ஒன்றுக்கு இவ்வளவு வேலைதான் நியாயம் என்று அந்தப் பதினாலு பேரும் தமக்குள் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் செய்கிறவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து! முதலாளி நிர்ணயித்த அளவு ஒன்று. தொழிலாளர் நிர்ணயித்த அளவு வேறொன்று. எந்த ஆபீஸிலும் சுவரில் மாட்டிய விதிகள் ஒரு புறம் இருக்க, மாட்டாத விதிகள் வேறு இருக்கின்றன. வேலையிடத்தின் சூழ்நிலை என்பதில் பெரும் பங்கு அந்த மாட்டாத விதிகளுக்குத்தான்.

* * *

குறை ஒன்றும் வரவில்லை என்றால் குறையே இல்லை என்று அர்த்தம் ஆகுமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஆஸ்பத்திரிகளிலிருந்து கிடைத்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்ஸன் என்பவர், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாகவும் நல்ல தலைமையின் கீழும் வேலை செய்யும் நர்ஸுகளிடம் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல பெயர் எடுத்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன!

விஷயத்தை நுணுகிப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. அந்த வார்டுகளில், தவறு நேர்ந்தால் பயமில்லாமல் உடனே வெளியே சொன்னார்கள், திருத்திக்கொண்டார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்ஸின் கோபத்துக்குப் பயந்து மூடி மறைத்தார்கள். 1996-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியைப் படித்த பிறகு, எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கிய நாலே கால் மார்க்கைப் பார்க்கும் போதெல்லாம் நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வேலையிடத்தின் சூழ்நிலை மனத்தோடு நிற்காமல் உடம்பிலும் இறங்கும் என்பதற்கும் நல்ல சாட்சியம் இருக்கிறது. லண்டன் நகரத்தில் 1985 முதல் 10,308 அரசாங்க உத்தியோகஸ்தர்களின் தேக நிலையை மைக்கேல் மார்மட் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் கவனித்து வந்தார்கள். தம்முடைய வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தமக்கு எவ்விதப் பேச்சும் இல்லாதவர்களுக்கு இருதய நோய் அதிகம் வருகிறது என்று 1997-இல் அவர்கள் எழுதினார்கள். இத்தகைய ஆராய்ச்சிகளின் பலனாகத்தான் பிரிட்டிஷ் சர்க்காரின் தொழில் பாதுகாப்பு இலாகா 2004-இல் ஆறு விஷயங்களைப் பார்க்கும்படி முதலாளிகளுக்குச் சொன்னது. வேலையின் பாரம், தன் வேலையில் தனக்குள்ள பிடி, பிறர் கொடுக்கும் ஒத்தாசை, ஒருவரோடொருவர் பழகும் முறை, தன் பொறுப்பு இன்னதென்ற தெளிவு, மாறுதல்கள் வரும்போது முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் என்பவையே அந்த ஆறு. எந்த ஆபீஸுக்கும், எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தக்கூடிய பட்டியல் இது.

"எங்கள் ஆட்களே அப்படித்தான் ஐயா! என்ன செய்தாலும் திருந்தமாட்டார்கள்!" என்று கைவிரிக்கிறவர்களுக்கு ஒரு கதை உண்டு. காலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சண்டையும் சச்சரவுமாக, சாதாரண நாட்களிலேயே நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வராமல், 1982-இல் அது மூடப்பட்டது. 1984-இல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியோடு கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தார்கள். சேர்த்துக்கொண்ட தொழிலாளரில் பெரும்பாலார் பழைய ஆட்களே. முன்பெல்லாம் என்ன தவறு நடந்தாலும் ஓடும் வரிசையை நிறுத்தலாகாது என்று சட்டம். இப்போதோ ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படியாக ஒரு கயிறு கட்டிவிட்டு, 'குறை கண்டால் இழு. உதவிக்கு ஆள் வரும். தேவையானால் வேலையே நிற்கும்' என்றார்கள். வராதவர்களின் தொகை நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. கார்களின் தரம் அந்தக் கம்பெனியின் மற்றத் தொழிற்சாலைகள் வெட்கும்படி உயர்ந்தது. 2010-இல் வேறு காரணங்களால் அந்தக் கூட்டு முடிந்து போனாலும், அந்தக் கயிற்றின் கதை நிலைத்து நிற்கிறது.

* * *

கடல் கடந்து போவானேன்? நம் பக்கத்து வீடாகிய கேரளத்தில், கோழிக்கோடு நகரத்தின் மிட்டாய்த் தெருவைப் பார்ப்போம். ஜவுளியும் பண்டங்களும் குவிந்திருக்கும் அந்தக் கடைவீதியில் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் போதிய கழிவறைகள் அந்நாளில் இருக்கவில்லை. அவர்களும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள். விஜி என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி கடை கடையாகப் போய் அவர்களோடு பேசினார். 'பெண்கூட்டு' என்ற சங்கம் பிறந்தது. கழிவறைக்காகத் தொடங்கிய பேச்சில் இன்னொரு குறை வெளிவந்தது. காலையிலிருந்து இரவு வரை, கடையில் ஒரு வாடிக்கைக்காரரும் இல்லாத வேளையிலும், அவர்கள் உட்காரக் கூடாது!

2018-இல் கேரள அரசாங்கம் கடைச் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது. 2021-இல் நம் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையிலும் சிப்பந்திகளுக்கு ஆசனம் போட வேண்டும் என்று விதித்தது.

தீபாவளிக்குத் தீபாவளி ஜவுளிக் கடைக்குப் போகிறோம். நமக்கு நாற்காலி போடுகிறார்கள். குழந்தைகளுக்குக் குளிர்ந்த பானம் வருகிறது. நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "நாற்பத்தோராவது?" என்கிறோம். எதிரே நிற்கும் பெண்ணின் கால் வீங்கியிருக்கிறதா என்று ஒரு நாளாவது பார்த்திருப்போமா? புடவையின் கரையைப் பார்க்கவே நேரம் போதவில்லை!

* * *

சரி, எங்கள் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறு வருஷம் மறுபடியும் கேட்பது என்று தீர்மானம் ஆயிற்று. இந்தத் தடவை நாம் சில யோசனைகள் சொன்னோம், தலைமையாசிரியரும் சம்மதித்தார்.

முதலாவது, கேட்கிற ஆள் உள்ளூர் அதிகாரியாக இருக்கலாகாது. வேறு பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரை வரவழைத்தோம். அவர் வாசகசாலையின் பின் அறையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவருக்கும் அரை மணி. ஆசிரியர் மாத்திரம் அல்லாமல், குமாஸ்தா, காவல்காரர், ஆயாம்மாள் எல்லோரும் போனார்கள். இரண்டாவது, சுற்றி வளைத்த கேள்விகள் வேண்டாம். "நாளைக் காலையில் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று ஒரே கேள்வி. மூன்றாவது, யார் என்ன சொன்னார் என்பது அம்மையாரோடு போய்விட வேண்டும்; விஷயம் மட்டுமே வெளியே வர வேண்டும். நாலாவது, எல்லாருடைய பதிலையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துச் சராசரி பார்க்கக் கூடாது. சென்ற தடவை இருபது ஆண்களின் சௌகரியத்துக்குள் பதினாலு பெண்களின் கஷ்டம் மறைந்து போனதற்கு, பயத்தோடுகூடச் சராசரியும் ஒரு காரணம். அதற்காக, ஒரே ஒருவர் இருக்கும் பிரிவைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் அவரைக் காட்டிக் கொடுத்ததாக முடியும், அதையும் கவனித்தோம். ஐந்தாவது, வாய் பேசாத சாட்சிகளையும் விசாரித்தோம். லீவுப் புத்தகம் அப்படிப்பட்ட ஒரு சாட்சி. ராஜிநாமாக் கடிதக் கட்டு இன்னொன்று. "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதியிருந்த ஐந்து கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியவர்களை அம்மையார் வீடு தேடிப் போய்க் கேட்டார்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. சிறு சிறு விஷயங்கள் நிறைய இருந்தன. விஞ்ஞான அறைச் சாவி ஒருவரிடமே இருப்பது. யாராவது வராத நாட்களில், அவருடைய வகுப்புக்குப் போக வேண்டும் என்பது மணி அடித்த பிறகுதான் தெரிவது. குமாஸ்தாவின் தலைக்கு மேல் ஒழுகும் ஓடு. இவையெல்லாம் பத்து நாளில் தீர்ந்தன. உடனே தீரக் கூடியவற்றை உடனே தீர்த்தது நல்லதாயிற்று. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் மட்டும் எளிதில் ஜீரணமாகவில்லை. ஒன்று, ஆசிரியர்களை மாணவர்களின் முன்னிலையில் தலைமையாசிரியர் கடிந்துகொள்கிறார் என்பது. பதினோரு பேர் சொல்லியிருந்தார்கள். அவர் அன்று முழுவதும் ஒருவரோடும் பேசவில்லை. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு வந்து, "இனிமேல் அப்படி நடக்காது. நடந்தால் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தடவை சீட்டுப் போட வேண்டியிருந்தது என்பது உண்மை. அதற்கப்புறம் தேவைப்படவில்லை.

மற்றொன்று நம்மைப் பற்றியது. கால அட்டவணை போடுவது நம்முடைய வேலை. கைக்குழந்தை உள்ள மூன்று ஆசிரியைகளுக்கும் வாரத்தில் ஐந்து நாளும் கடைசிப் பீரியடை வைத்திருந்தோமாம். அவர்கள் நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டு ஐந்து மணி வரை ரோட்டில் நிற்கிறார்களாம். யாருக்கும் தீங்கு நினைத்து நாம் அப்படிச் செய்யவில்லை. நமக்கு எது சுலபமோ அப்படிப் போட்டோம். 'நியாயமானவர்' என்று நம்மைப் பற்றி நாமே கொடுத்திருந்த மார்க்கு ஐந்துக்கு ஐந்து. அன்று அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து அட்டவணையைப் புதிதாக எழுதினோம்.

இதனால் பள்ளிக்கூடம் சொர்க்க பூமி ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் பழைய சம்பளந்தான், வேலையும் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "சொந்தக் காரணங்களுக்காக" என்ற கடிதம் ஒன்றும் வரவில்லை. வகுப்புக்குப் போகிற ஆசிரியைகளின் கையில் தண்ணீர்ப் போத்தல் இருப்பதை இப்போது பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். ஆபீஸும் ஆலையும் மாத்திரந்தான் வேலை செய்யும் இடங்களா? நம் வீட்டிலும் ஒருவர் வேலை செய்கிறார். பாத்திரம் துலக்கித் துணி துவைத்துவிட்டுப் போகும் அந்த அம்மாளிடம், அறிக்கை வந்த வாரத்தில் நாமும் நம் மனைவியுமாகப் போய், "உங்களுக்கு இங்கே ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டோம். "ஒண்ணும் இல்லீங்க" என்றார். மறுநாள் கேட்டோம், அதே பதில். மூன்றாம் நாள் கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் அவர் வேலை செய்கையில் நம் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். நாலாம் நாள் அந்த அம்மாள் தாமாகவே சொன்னார்: "அந்தத் துவைக்கிற கல்லுப் பக்கத்திலே பாசி பிடிச்சிருக்குதுங்க அம்மா. போன மழையிலே ரெண்டு தடவை விழுந்துட்டேன்."

நாமே சுண்ணாம்பும் தேங்காய் நாருமாகப் போய்த் தேய்த்துவிட்டு வந்தோம்.